இம்பாலாவின் ஆறு விளக்குகள்

எங்கள் பாட்டனார் காலத்துப் பேச்சில் கார் என்ற சொல் அதிகம் புழங்கியதில்லை. 'பிளசர்' என்பதே வழக்கு. அதற்குள்ளும் படிநிலை உண்டு. என்றாவது ஊருக்குள் வந்துபோகும் வாடகை வண்டி வெறும் பிளசர். அதற்கு மேலே, எவரும் நேரில் கண்டிராத உயரத்தில், 'இம்பாலா' இருந்தது. பெண் பார்க்க வருபவர்கள் தாமதித்தால், "அவங்க என்ன இம்பாலாவிலயா வர்றாங்க, பஸ்ஸுலதானே வரணும்" என்பார் பெரியப்பா. அது ஒரு காரின் பெயர் என்பது எங்களுக்கு வெகுகாலம் தெரியாது. தேவலோகத்து விமானம் போன்ற ஏதோ ஒன்று என்று எண்ணியிருந்தோம்.

அந்த இம்பாலாவை நேரில் கண்டது 2024ஆம் ஆண்டு மே மாதம். நாங்கள் என்று இங்கே குறிப்பிடுவது கணவன் மனைவி இருவரையும். இருவரும் தமிழிலக்கியம் பயின்றவர்கள். ஒருவர் கல்லூரியிலும் மற்றவர் பள்ளியிலும் பாடம் நடத்துகிறோம். கோடை விடுமுறையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வான் நைஸ் பகுதியில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். மூன்றாம் நாள் மாலை பக்கத்து வீட்டுக் கார் கொட்டகையின் கதவு மேலேறித் திறந்தது. உள்ளிருந்து கருஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கார் பின்புறமாக நகர்ந்து வெளிவந்தது. நீளம் 17½ அடி. வந்துகொண்டே இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பின்புறத்தில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிவப்பு விளக்குகள். தெருவோரம் வந்து நின்றதும், யானை கால் மடித்துப் படுப்பதைப்போல மெல்லத் தாழ்ந்து தரையோடு படிந்தது.

"அத்தான், இதுதான் நீங்க சொல்லிட்டிருந்த இம்பாலா. 1964ஆம் வருஷத்து வண்டி" என்றார் மைத்துனர்.

காரிலிருந்து இறங்கியவருக்கு எழுபது வயதிருக்கும். மெக்சிகோ வம்சாவளியினர். நாங்கள் வேலியருகே நின்று பார்ப்பதைக் கண்டு கைகாட்டி அழைத்தார். அடுத்த ஐந்து வாரங்களில் அந்தக் காரின் கதையை அவரிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டோம். மீதியை மைத்துனர் வீட்டருகே இருந்த பொது நூலகத்தில் தேடிப் படித்தோம். கார்களைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. ஆனால் ஒரு பொருள் யாருக்காகச் செய்யப்பட்டது, கடைசியில் யாருடையதாயிற்று என்ற கேள்வி எங்களுக்குப் பழக்கமானதுதான்.

*

இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆலைகள் டாங்குகளும் விமான எஞ்சின்களும் செய்தன. 1945இல் உற்பத்தி மீண்டும் தொடங்கியபோது நாடு முழுவதும் கார்ப்பசி. போரிலிருந்து திரும்பியவர்கள் மணம் செய்துகொண்டனர். நகரங்களுக்கு வெளியே புதிய குடியிருப்புகள் பெருகின. வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் கார் இன்றிச் செல்ல முடியாத வாழ்க்கை உருவானது. அந்தக் குடும்பங்களுக்கு அதிகமான கார்களை விற்ற பெயர்களில் ஒன்று செவர்லே.

செவர்லே, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஐந்து படிகளில் கடைசிப் படி. அதற்கு மேலே பான்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், பியூக், உச்சியில் காடிலாக். வருமானம் உயர உயர மனிதன் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும் என்பது அந்நிறுவனத்தை நெடுங்காலம் நடத்திய ஆல்ஃபிரட் ஸ்லோனின் கணக்கு. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் செவர்லே என்ற கடைசிப் படிக்குள்ளேயே மேலும் படிகள் முளைத்தன. 1958ஆம் ஆண்டின் வரிசையில் டெல்ரே, பிஸ்கெய்ன், பெல் ஏர் என்று பெயர்கள் இருந்தன. பிஸ்கெய்ன் என்பது ஃபுளோரிடாவில் ஒரு விரிகுடா. பெல் ஏர் என்பது இதே லாஸ் ஏஞ்சலிஸில் செல்வந்தர்கள் வாழும் குன்றுப்பகுதி. குடும்பக் காரை வாங்குபவர், தாம் குடியேற முடியாத இடத்தின் பெயரைத் தம் வாசலில் நிறுத்திக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு எங்களுக்குச் சிரிப்பையும் சிறிது வருத்தத்தையும் தந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவப்பட்ட 1908க்குப் பின் ஐம்பதாம் ஆண்டு 1958. அந்த ஆண்டில்தான் இம்பாலா வந்தது. ஆப்பிரிக்கப் புல்வெளியில் துள்ளி ஓடும் ஒரு மானின் பெயர் அது. முதலில் பெல் ஏர் வரிசையின் உயர்ந்த வகையாக, இரண்டு கதவுகளுடன் மட்டும் வெளியானது. 1959இல் தனி வரிசையாகி நான்கு கதவு வகையும் சேர, முழுமையான குடும்பக் காராயிற்று. மலிவு வகைகளுக்குப் பின்புறத்தில் பக்கத்துக்கு இரண்டு விளக்குகள், இம்பாலாவுக்கு மூன்று. சில ஆண்டுகள் வடிவம் மாறினாலும் ஆறு விளக்கு என்பது அதன் அடையாளமாக நிலைத்தது. இரவில் முன்னால் செல்லும் காரின் விளக்குகளை எண்ணியே அதில் போகிறவரின் தகுதியை அறிந்துகொள்ளலாம். நம் ஊரில் வீட்டுத் திண்ணையின் அகலமும் முகப்புத் தூண்களின் எண்ணிக்கையும் ஒருகாலத்தில் செய்த வேலையை அங்கே இரண்டு கூடுதல் விளக்குகள் செய்திருக்கின்றன.

அந்நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்கு 1958 வரை தலைவராக இருந்தவர் ஹார்லி ஏர்ல். ஹாலிவுட்டில் பிறந்தவர், அவருடைய தந்தையின் பட்டறையில் திரைப்பட நடிகர்களுக்கான கார் உடல்கள் செய்யப்பட்டன. ஆண்டுதோறும் காரின் தோற்றத்தை மாற்றி, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய புதிய காரால் நம்முடைய கார் பழையதாகத் தோன்றும்படி செய்வதே அத்துறையின் பணி. ஒளித்துச் செய்ததுமில்லை, அது விற்பனைக் கொள்கையாகவே பேசப்பட்டது. 1958ஆம் ஆண்டு இம்பாலாவின் உடல் அமைப்பு ஓராண்டு மட்டுமே இருந்தது. 1959இல் அது முற்றிலும் கைவிடப்பட்டு, பின்புறத்தில் வௌவால் சிறகுபோல் விரிந்த புதிய வடிவம் வந்தது. அதுவும் இரண்டே ஆண்டுகள்.

ஆக, இரண்டு மூன்று ஆண்டுகளில் சலித்துப்போக வேண்டும் என்ற கணக்கோடு செய்யப்பட்ட பொருள் இது. கணக்கு பலித்தது. 1964இல் எட்டு சிலிண்டர் எஞ்சினுடன் இரண்டு கதவு இம்பாலா ஏறத்தாழ 2,800 டாலர். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் பாதிக்கும் குறைவு. 1965இல் ஒரே ஆண்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இம்பாலாக்கள் விற்றன. முன்னால் மூவர், பின்னால் மூவர் நெருக்கமின்றி அமரலாம். அத்தனை பேரை ஏற்றிச் சென்ற அந்தக் கார்களில் இருக்கைப் பட்டை கட்டாயமாக்கப்பட்டது 1968இல்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பழைய இம்பாலாக்கள் எங்கே போயின? ஒரு பகுதி காயலான் கடைக்கு. இன்னொரு பகுதி, புதிய கார் வாங்க வழியில்லாத மக்களின் தெருக்களுக்கு. பக்கத்து வீட்டுக்காரரின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

*

அவருடைய தந்தை வான் நைஸில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் தொழிலாளி. செவர்லே கார்கள் அங்கே இணைக்கப்பட்டன. குடியிருந்ததோ நகரின் கிழக்கே பாயில் ஹைட்ஸில். 1930களில் வீட்டுக் கடனுக்காக அரசு வரைந்த வரைபடத்தில் சிவப்பு வண்ணமிட்டு ஒதுக்கப்பட்ட பகுதி அது. 1956இல் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. அந்நாட்களில் பாயில் ஹைட்ஸைக் கூறுபோட்டுக்கொண்டு பல நெடுஞ்சாலைகள் போடப்பட்டன. பல குடும்பங்கள் வீடிழந்தன. இவர்கள் குடியிருந்த முதல் வீடும் அப்படிப் போனதுதான். பிறகு அந்தச் சாலைகளிலேயே அவர் தந்தை நாள்தோறும் வேலைக்குச் சென்றுவந்தார்.

"அப்பா தினமும் இந்தக் கார்களைச் செய்தார். ஆனால் அவர் வாங்கியது 1969இல், மூன்றாவது கையாக" என்றார். அவருக்கு அப்போது பதினைந்து வயது. பெற்றோரும் ஆறு பிள்ளைகளுமாக எட்டுப் பேர் ஒரே காரில் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள்.

ஒருநாள் காரின் அடையாள எண் பொறித்த தகட்டைக் காட்டினார். எண்களுக்கு நடுவே 'எல்' என்று ஓர் எழுத்து. அது வான் நைஸ் ஆலையைக் குறிப்பது. பழைய நூலொன்றின் உள்பக்கத்தில் அச்சகத்தின் பெயரைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு அவருடைய முகம் அப்போது எப்படி இருந்தது என்று விளக்கத் தேவையில்லை. "அப்பா தொட்ட வண்டியாகக்கூட இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவர் தொட்டது என்றுதான் நாங்கள் வைத்துக்கொண்டோம்."

கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் மெக்சிகோ அமெரிக்க இளைஞர்கள் இந்தப் பழைய குடும்பக் கார்களைத் தங்களுக்கென்று மாற்றத் தொடங்கியிருந்தனர். அமெரிக்கக் கார்ப்பற்று என்றால் வேகம். இவர்களுடையது அதற்கு நேர் எதிர். வண்டியைத் தரையை ஒட்டித் தாழ்த்தி, மிக மெதுவாக ஓட்டுவது. ஸ்பானிய மொழியில் 'பஹீத்தோ இ சுவாவெசீத்தோ' என்பார்களாம், தாழ்வாக, மென்மையாக. தொடக்கத்தில் பின்பெட்டியில் மணல் மூட்டைகளை ஏற்றித் தாழ்த்தினர்; சுருள்வில்லை வெட்டித் தாழ்த்தினர். 1958 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது: சக்கரத்தின் இரும்பு வளையத்தின் அடிமட்டத்துக்குக் கீழே காரின் எந்தப் பகுதியும் தாழக் கூடாது. இம்பாலா பிறந்த அதே ஆண்டு.

அதற்கு விடை விமானங்களிலிருந்து வந்தது. 1950களின் இறுதியில் ரான் அகீரே என்ற இளைஞர், விமானங்களில் பயன்பட்டு உபரியாக விற்கப்பட்ட ஹைட்ராலிக் பம்புகளைத் தம் காரில் பொருத்தினார். எண்ணெயின் அழுத்தத்தால் சிலிண்டர் நீண்டால் வண்டி உயரும்; அழுத்தம் தணிந்தால் தாழும். போலீஸ்காரர் தென்பட்டால் விசையைத் தட்டிச் சட்டப்படியான உயரத்துக்கு வரலாம். அவர் கடந்ததும் மீண்டும் தாழலாம். 1958 முதல் 1964 வரையிலான இம்பாலாக்களின் அடிச்சட்டகம் எக்ஸ் எழுத்தின் வடிவில் இருந்தது. பக்கவாட்டு மோதலில் காப்பு குறைவு என்று அதைக் குறை கூறியவர்கள் உண்டு. ஆனால் ஓரங்களில் சட்டம் இல்லாததால் அந்தக் கார்கள் தாழ உட்காரத் தோதானவை. ஒருவர் குறை என்றது இன்னொருவருக்கு வசதியாயிற்று.

ஞாயிறு மாலைகளில் விட்டியர் புல்வார் என்ற நெடுந்தெருவில் இந்தக் கார்கள் ஊர்வலமாகச் செல்லும். "தேர் மாதிரியா?" என்று கேட்டோம். மைத்துனர் தேரை விளக்க, அவர் சிரித்தபடி தலையசைத்தார். அதே தெருவில்தான் 1970 ஆகஸ்ட் 29 அன்று, வியட்நாம் போருக்கு எதிரான மெக்சிகோ அமெரிக்கர்களின் பேரணி கலைக்கப்பட்டபின், மதுக்கடை ஒன்றில் அமர்ந்திருந்த பத்திரிகையாளர் ரூபன் சலசார் ஷெரிஃப் படையினர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி இறந்தார். 1979இல் அத்தெருவில் கார் ஊர்வலம் தடுக்கப்பட்டது. அதன்பின் கலிபோர்னியாவின் பல நகரங்கள் இப்படித் தடை விதித்தன.

இக்கார்களில் பெயர்பெற்றது ஜெஸ்ஸி வலாடெஸ் என்பவரின் 'ஜிப்ஸி ரோஸ்'. அதுவும் 1964ஆம் ஆண்டு இம்பாலாதான். இளஞ்சிவப்பு உடலெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஜாக்கள் கையால் தீட்டப்பட்டவை. 1974இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சியில் அது வந்ததும் நாடு முழுவதும் அறிந்தது. வலாடெஸ் 2011இல் மறைந்தார். 2017இல் வாஷிங்டனில் நாடாளுமன்றத்துக்கு எதிரே விரியும் தேசியத் திடலில், கண்ணாடிக் கூண்டுக்குள் அந்தக் காரைக் காட்சிக்கு வைத்தார்கள். தெருவில் ஓட்டினால் அபராதம் விதித்த நாட்டில் அது தேசிய வரலாற்று வாகனமாகப் பதிவு செய்யப்பட்டது. உயரம் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டமும் ஊர்வலத் தடைகளும் நீங்கியது 2024 ஜனவரி முதல் நாளில்தான். நாங்கள் போவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு.

இம்பாலாவைச் செய்தவர்களின் கதை இதற்கிடையில் வேறு வழியில் சென்றது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெரிய கார்களின் மவுசு குறைந்தது. 1977இல் இம்பாலாவைச் சிறிதாக்கினார்கள். 1985உடன் நிறுத்தினார்கள். 1994இல் பெயரை மீட்டார்கள், 1996இல் விட்டார்கள், 2000இல் மறுபடி கொண்டுவந்தார்கள். வான் நைஸ் ஆலை 1992இல் மூடப்பட்டது. தந்தையின் வழியில் அங்கே பணிபுரிந்த பக்கத்து வீட்டுக்காரரும் அன்று வேலை இழந்தார். ஆலை இருந்த இடத்தில் இப்போது வணிக வளாகம். அதன் பெயர் 'ஆலை' என்றே வைக்கப்பட்டிருக்கிறது. மைத்துனர் வீட்டுக்கு மளிகை வாங்க நாங்கள் சென்றதும் அங்கேதான். 2020 பிப்ரவரியில் டெட்ராய்ட் ஆலையிலிருந்து கடைசி இம்பாலா வெளிவந்தது. குடும்பங்கள் உயரமான பெரிய வண்டிகளுக்கு மாறிவிட்டன. ஆலை மின்சார வண்டிகளுக்கு மாறிவிட்டது.

*

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அவர் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. தெருவில் நடப்பவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு சிறுவன் எங்களோடு ஓடிவந்தான். இருக்கை உறையை மூன்று முறை மாற்றியதையும், வண்ணப்பூச்சை ஏடு ஏடாகத் தேய்த்து ஏற்றியதையும், இந்தக் காரில் செலவிட்ட பணத்துக்கு இன்னொரு வீடு வாங்கியிருக்கலாம் என்று மனைவி சொன்னதையும் சொல்லிக்கொண்டு வந்தார். கொட்டகைக்குத் திரும்பி எஞ்சினை நிறுத்தியபின் கேட்டார்: "உங்கள் அப்பா என்ன விட்டுச் சென்றார்?"

"புத்தகங்கள்" என்றோம்.

"எங்கே இருக்கின்றன?"

"எங்கள் வீட்டில்தான்" என்றோம்.

அது பொய்.

எங்கள் அப்பா தபால் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். வார இதழ்களில் வரும் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்தெடுத்து, படங்கள் கசங்காமல் அடுக்கி, தொடர் முடிந்ததும் பைண்டு செய்து வைப்பார். முதுகில் கருஞ்சிவப்புக் காலிகோ. முதல் பக்கத்தில் பச்சை மையில் தலைப்பு, தொடங்கிய இதழ், முடிந்த இதழ், பைண்டு செய்த தேதி, கொடுத்த கூலி. விடுபட்ட வாரங்களை யார் யாரிடமோ கேட்டு, கிடைக்காதவற்றைக் கையால் எழுதிச் சேர்த்திருப்பார். ஒரு வாரம் படித்துவிட்டு எறிவதற்காக அச்சிட்ட தாள்கள் அவை. 2011இல் அவர் காலமானார். மறு ஆண்டு வீட்டை விற்றபோது, அந்தத் தொகுதிகளைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டோம். நகரத்து வாடகை வீட்டில் இடமில்லை, அச்சில் வந்த நல்ல பதிப்புகளே கிடைக்கின்றனவே, கறையான் வேறு என்று காரணங்கள் இருந்தன. தராசுத் தட்டில் அவை ஏறியபோது நாங்கள் இருவரும் அங்கே நின்றோம். தமிழ் படித்த இருவரும். எத்தனை கிலோ என்பது இன்றும் நினைவிருக்கிறது. எழுத மனம் வரவில்லை.

அந்த முதியவர் எங்கள் விடையைக் கேட்டு மகிழ்ந்து, "அப்படியானால் உங்களுக்கு இது புரியும்" என்று காரின் மேல் தட்டிக் காட்டினார். அவருடைய மகள் வாரத்தில் ஒருநாள் வந்து பம்புகளுக்கு எண்ணெய் மாற்றக் கற்றுக்கொள்கிறாள் என்றும் சொன்னார். நாங்கள் தலையசைத்தோம். மைத்துனரிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை.

ஊர் திரும்பியபின் பரணில் தேடியதில் ஒரே ஒரு தொகுதி அகப்பட்டது. ஆடிய அலமாரிக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்ததால் தப்பியிருக்கிறது. நடுவே இரண்டு அத்தியாயங்கள் அப்பாவின் கையெழுத்தில் இருக்கின்றன. பைண்டு கூலி மூன்று ரூபாய் ஐம்பது காசு.

இதைப் படிக்கும் நண்பர்களில் பழைய புத்தகக் கடைகளிலும் நடைபாதைக் கடைகளிலும் தேடித் திரிபவர்கள் பலர் உண்டு என்பதை அறிவோம். காலிகோ முதுகும், முதல் பக்கத்தில் பச்சை மையில் கூலிக் கணக்கும் கொண்ட தொகுதி எதுவும் கண்ணில் பட்டால் எங்களுக்குத் தெரிவியுங்கள். கேட்கும் விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். நீங்களே வாங்கிப் பாதுகாத்தாலும் சரிதான். இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியதை மைத்துனர் மூலம் கடிதமாக எழுதத் தொடங்கியிருக்கிறோம். முதல் பத்தியைத் தாண்ட இன்னும் முடியவில்லை.